பூட்டிய கேட்டுக்கு முன்னால்: யூதக் கல்லறைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேட் முழுக்கத் துரு. பூட்டு மட்டும் புத்தம் புதிது. கேரளத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தப் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். முதல்நாள் இரவு சென்னையில் ரயிலேறி, விடிந்ததும் இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். மதில் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே, திறக்க மாட்டாங்களே” என்றார், பாதி மலையாளத்தில். அவரே போன் போட்டதில் சாவிக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. “வேறு நாள் வாங்க” என்று மட்டும் சொன்னார். கேட் கம்பிக்கு நடுவே கேமராவை நீட்டினேன். அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் ஏமாற்றமில்லை, சுருக்கென்று ஒரு வலி. வாசலில் நிறுத்தப்படுவது நம் ஊர்க்காரர்களுக்குச் சின்ன விஷயமில்லை. “நீ உள்ளே வராதே” என்ற சொல்லுக்கு இங்கே நூற்றாண்டுக் கணக்கான நினைவு இருக்கிறது. அதனால் பூட்டைப் பார்த்ததும், ‘நான் யார் என்பதால்தான் மறுக்கிறார்கள்’ என்று மனசு தானாகவே முடிவுக்கு வந்துவிடுகிறது. பிறகு பல ஊர்களில் பல யூதக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய்விட்டேன். சிலவற்றில் நுழைந்தேன், சிலவற்றில் திரும்பினேன். இப்போது உறுதியாகச் சொல்வேன்: யூதர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்ற விதி யூத மதத்தில் கிடையாது. மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாள், சாவி, பாதுகாப்பு, இந்த மூன்றில் ஒன்று. மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துகொள்ள முடியும். எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: நாள் பார்த்துக் கிளம்புங்கள்

யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அந்த நேரத்தில் கல்லறைத் தோட்டம் திறப்பதில்லை. மும்பையானாலும் பெர்லினானாலும் இதுதான் வழக்கம். ஆபீஸ் போகிற நமக்கு ஊர் சுற்றக் கிடைப்பதோ சனிக்கிழமை. நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமையை வைத்துத் திட்டம் போடுங்கள். நாம் விடுமுறை என்று நினைக்கும் ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள்.

வெள்ளிக்கிழமை போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் இன்னும் கவனம் தேவை. டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெள்ளியன்று பிற்பகலிலேயே கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

அடுத்து பண்டிகைகள். யூத மாதங்கள் நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கைப் போலவே நிலவை ஒட்டி நடப்பவை. ஆகவே ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். செப்டம்பர், அக்டோபரில்தான் நெரிசல் அதிகம்: புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரண்டு நாள், பத்தாம் நாள் நோன்பான யோம் கிப்பூர், பௌர்ணமியில் தொடங்கும் கூடாரப் பண்டிகை ஒரு வாரத்துக்கு மேல். மார்ச், ஏப்ரலில் இன்னொரு பௌர்ணமியில் பஸ்கா தொடங்கும். இஸ்ரேலுக்கு வெளியே அது எட்டு நாள். அதிலிருந்து ஏழு வாரம் கழித்து ஷாவுவோத். எல்லாமே முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடும் என்பதால், காலண்டரில் போட்டிருக்கும் தேதிக்கு முந்தின மாலையையும் சேர்த்துக் கழித்துவிடுங்கள்.

இதில் என் மனசுக்கு நெருக்கமான ஒன்று உண்டு. ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய மாதத்துக்கு எலூல் என்று பெயர். முன்னோர் கல்லறைக்குப் போய் நின்று வருவது அந்த மாதத்தில் வழக்கம். பல வருடங்களில் அது நம் மகாளய பட்சத்தைத் தொட்டுக்கொண்டு வரும். 2024இல் மகாளய அமாவாசையும் அக்டோபர் 2, ரோஷ் ஹஷானா தொடங்கிய மாலையும் அக்டோபர் 2. இங்கே கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்த அதே நாட்களில், அங்கே அவர்கள் தங்கள் அப்பா அம்மாவின் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்திருப்பார்கள். அந்த மாதத்தில் தோட்டங்கள் திறந்திருக்கும், குடும்பங்களும் வந்துபோகும். வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

படி 2: நீங்கள் தேடும் கல் எங்கே இருக்கிறது?

மேப்பில் பெயர் இருப்பதாலேயே இடம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு வழியாகப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து பவழம் இங்கே வந்திறங்கியது. கோல்கொண்டா வைரம் இங்கிருந்து லண்டனுக்குப் போனது. அந்த வியாபாரத்தின் ஒரு நுனியைப் பிடித்திருந்தவர்கள் போர்த்துகீசிய வம்சாவளி யூதர்கள். 1688இல் தொடங்கிய மதராஸ் மாநகராட்சியின் ஆல்டர்மன்களில், அதாவது மூத்த உறுப்பினர்களில், அவர்களும் இருந்தார்கள். வைரச் சுரங்கம் தேடிக் கோல்கொண்டா வரை போன ஜாக் தெ பாய்வா 1687இல் இறந்து இங்கேயே அடக்கமானார். அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்தது. இன்று அங்கே போனால் ஒன்றும் கிடைக்காது. எஞ்சிய கற்கள் ராயப்பேட்டையில் லாயிட்ஸ் சாலையில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில் இருக்கும் சின்னத் தோட்டத்துக்கு வந்துவிட்டன. பவழக்காரத் தெருவில் நின்றுகொண்டு கல்லறையைத் தேடினால் கண்ணில் படுவது மொத்த வியாபாரக் கடைகள்தான்.

சிங்கப்பூரிலும் இதே கதை. தோபி காட் எம்ஆர்டி நிலையம் இருக்கும் இடத்தில் 1841 முதல் யூதர்களின் இடுகாடு இருந்தது. ரயில் பாதைக்காக 1980களில் அதைத் தோண்டியெடுத்தார்கள். இப்போதைய தோட்டம் சுவா சூ காங்கில் இருக்கிறது. தினமும் தோபி காட்டில் ரயில் மாறும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

பினாங்கில் 1805ஆம் ஆண்டுத் தோட்டம் அதே இடத்தில் நிற்கிறது. சாலைப் பெயர்தான் மாறிவிட்டது. பழைய யாஹூடி சாலை இன்று ஜாலான் ஜைனல் ஆபிதீன். பழைய பெயரைச் சொல்லி வழி கேட்டால் இளம் டிரைவர்கள் விழிப்பார்கள்.

ஆக, பழைய பெயர், புதிய பெயர், இடம் மாறியதா இல்லையா, மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கல்லைத் தேடிப் போகிறீர்கள் என்றால் ஜூயிஷ்ஜென் தளத்தின் உலகக் கல்லறைப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வரிசை எண்ணோ படமோ முன்கூட்டியே கிடைத்துவிட்டால் உள்ளே தேடி அலைய வேண்டாம். வாசலில் “யாரைப் பார்க்க வந்தீங்க?” என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு பெயர் இருக்கும்.

படி 3: சாவி யாரிடம்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைத் தேடுவதற்கு முன்னால் சாவியைத் தேடுங்கள்.

பெரிய ஊர்களில் இது எளிது. பிராகின் பழைய யூதக் கல்லறையை அந்நகர யூத அருங்காட்சியகம் நிர்வகிக்கிறது. டிக்கெட் வாங்கிப் போகலாம். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் மூடல். பெர்லின் வைசென்சேயில் 1880இல் தொடங்கிய தோட்டம் பெரியது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். திறக்கும் நேரத்தில் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆண்கள் தலையை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சமூகம் சுருங்கிப்போன ஊர்களில்தான் சிக்கல். கேரள யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கல்லறைகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விட்டுப்போன ஊரில் அவற்றைப் பார்த்துக்கொள்ள யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள். அந்த யாரோ ஒருவர் யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயத்தின் டிரஸ்டியாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம், மூன்று தெரு தள்ளிக் கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். கல்கத்தாவில் ஜெப ஆலயங்களைப் பார்க்க விரும்பியவர்கள் நியூ மார்க்கெட்டில் உள்ள நஹூம்ஸ் என்ற பழைய யூத பேக்கரிக்குப் போய்த்தான் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தார்கள். அங்கே ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிப்பவர்கள் முஸ்லிம்கள். பினாங்கில் காவல்காரக் குடும்பம் தோட்டத்து வளாகத்துக்குள்ளேயே குடியிருந்து பார்த்துக்கொண்டது. கேட்டுக்கு வெளியே நின்று பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவருக்கு இதெல்லாம் தெரியாது.

தேடும் வரிசை இது. முதலில் ஊரில் இயங்கும் ஜெப ஆலயம் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் கல்லறைக்கும் அவர்கள்தான் பொறுப்பு. டெல்லியில் ஹுமாயூன் சாலை ஜூடா ஹயாம் ஆலயத்தை ஒட்டியே கல்லறைத் தோட்டம் இருப்பதால் ஒரே வாசலில் இரண்டு வேலையும் முடியும். ஆலயம் இல்லையென்றால், ஆலயமாக இருந்த கட்டிடம் இப்போது யார் கையில் என்று விசாரியுங்கள். கேரளத்தில் சேந்தமங்கலம், பரவூர் ஆலயங்கள் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அருங்காட்சியகமாகிவிட்டன. அங்கிருக்கும் ஊழியர்களுக்குச் சுற்றுவட்டார விவரம் தெரியும். அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எனக்கு அன்றைக்குச் சாவிக்காரரை வரவழைத்தது துணி காயப்போட்ட அந்த அம்மாதான்.

பூட்டையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பூட்டும் துருவேறியிருந்தால் அந்த வழி புழக்கத்தில் இல்லை, வேறு வாசல் இருக்கும். பூட்டு புதிது என்றால் சாவிக்காரர் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்.

படி 4: எப்படிக் கேட்பது?

குறைந்தது ஒரு வாரம் முன்னதாகக் கேளுங்கள். அனுமதி கேட்கும்போது தயங்கித் தயங்கி, காரணத்தை மூடி மறைத்துப் பேசினால் எதிராளிக்குச் சந்தேகம் வரும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் நாரிமன் ஹவுஸ் யூத மையமும் குறிவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்தியாவில் யூதர் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் தெரியாத ஆளைத் தெரிந்த ஆளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யார், எந்த ஊர், எத்தனை பேர், எதற்காக, என்றைக்கு, எவ்வளவு நேரம், படம் எடுப்பீர்களா: இவ்வளவையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நான் அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். நான் சென்னையில் வசிக்கிறேன். மதராஸ் பவழ வணிகர்களின் வரலாற்றைப் படித்துவருகிறேன். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நானும் என் நண்பர் ஒருவருமாக இரண்டு பேர், உங்கள் பொறுப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அரைமணி நேரம் இருந்துவர அனுமதி வேண்டுகிறேன். 1900க்கு முந்தைய கற்களில் உள்ள எழுத்துகளை மட்டும் படமெடுக்க விருப்பம். அது சரிப்படாது என்றால் கேமராவை வெளியிலேயே வைத்துவிடுகிறேன். அந்த நாள் தோதுப்படாவிட்டால் உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். எங்கள் இருவரின் அடையாள அட்டை நகலை இணைத்துள்ளேன்.”

‘1900க்கு முந்தைய’ என்று எல்லை போட்டுக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சமீபத்தில் இறந்தவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தங்கள் அம்மாவின் கல் யாரோ ஒருவருடைய இன்ஸ்டாகிராமில் வருவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். இதை நீங்களே யோசித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பதில் வரவில்லை என்றால் நாலைந்து நாள் பொறுத்து ஒருமுறை போன் செய்யலாம். கேரளத்தில் காவல்காரரிடம் “சேட்டா” என்று தொடங்கித் தமிழிலேயே பேசினாலும் புரிந்துகொள்வார்கள். டிரஸ்டிகள் வயதானவர்கள், மாலை நாலு மணிக்குமேல் கூப்பிடுங்கள். வெள்ளி மாலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 5: கையில் என்ன?

ஆண்களுக்குத் தொப்பி அல்லது கைக்குட்டை. தோளும் முழங்காலும் மூடிய உடை. அடையாள அட்டையின் அசல். கேரளம் என்றால் மூடிய செருப்பு, புல்லுக்குள் பூச்சிபொட்டு இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர், குடிப்பதற்கில்லை. எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். பூ வேண்டாம்.

படி 6: எல்லாம் செய்தும் வாசலில் மறுத்தால்

மறுப்பார்கள். எனக்கே அனுமதிக் கடிதத்தோடு போய்த் திரும்பிய அனுபவம் உண்டு. அன்றைக்கு அங்கே ஓர் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. மழையில் கற்கள் சாய்ந்திருப்பது, சாவிக்காரர் ஊரில் இல்லாதது, மேலிடத்திலிருந்து திடீரென்று உத்தரவு வந்தது, இப்படி எதுவும் நடக்கலாம்.

அந்த நேரத்தில் செய்யக்கூடாதவை இரண்டு. மதில் ஏறக்கூடாது. காவல்காரர் கையில் நூறு ரூபாயைத் திணிக்கக்கூடாது. இரண்டாவதை நம்மில் பலர் தப்பாகவே நினைப்பதில்லை. ஆனால் அந்த வேலைதான் அவர் பிழைப்பு. நீங்கள் போட்ட படம் நாளைக்கு வெளியே வந்தால் கேள்வி அவரிடம்தான் வரும்.

செய்ய வேண்டியது, மூன்றே கேள்விகளை நிதானமாகக் கேட்பது. “யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” “எந்த நாள் வந்தால் திறப்பீர்கள்?” “இங்கே வெளியில் கொஞ்ச நேரம் நிற்கலாமா?” முதல் இரண்டுக்கும் வரும் பதிலை அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரப்போகிற ஆள் என்று அவருக்குத் தெரியட்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கோபம் வந்தால் தெசலோனிக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தின் அந்த நகரத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட யூதக் கல்லறைகள் இருந்தன. 1942 டிசம்பரில், நாஜி ஆக்கிரமிப்பின்போது, மொத்தத்தையும் இடித்தார்கள். கல்லறைக் கற்கள் கட்டுமானத்துக்குப் போயின. அந்த நிலத்தின் மேல் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சூர் மாவட்டம் மாளாவில் ஊரைவிட்டுப் போன யூதர்கள் 1955இல் தங்கள் ஆலயத்தையும் இடுகாட்டையும் ஊராட்சியை நம்பி ஒப்படைத்தார்கள். பிற்காலத்தில் இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டு மைதானம் வந்தது. பாரம்பரிய ஆர்வலர்கள் நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

யூத வழக்கில் கல்லறை நிலம் நிரந்தரமானது. ஒருவரை அடக்கிய குழியைத் தோண்டி இன்னொருவரை வைப்பதில்லை. ஆதியாகமத்தில் ஆபிரகாம் தன் மனைவி சாராளை அடக்கம் செய்ய மக்பேலா குகையை நானூறு சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்குகிறார். ‘சும்மாவே எடுத்துக்கொள்’ என்று நிலத்துக்காரர் சொன்னபோதும் மறுத்து, ஊரார் முன்னிலையில் விலை கொடுத்து வாங்குகிறார். வாக்களிக்கப்பட்ட தேசத்தில் அந்தக் குடும்பம் விலைகொடுத்து வாங்கிய முதல் நிலமே கல்லறைதான். பிராகில் புது நிலம் கிடைக்காதபோது பழைய குழிகளைத் தொடாமல் மேலே மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. அதனால்தான் அங்கே பன்னிரண்டாயிரம் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கூட்ட நெரிசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்களைப் போல நிற்கின்றன. அந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நியாயமில்லாத வாசல்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவினரைச் சக யூதர்களே சமமாக உட்கார விடாமல் ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பிரிவில் பிறந்து வக்கீலான ஏ. பி. சேலம் அங்கே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு வந்தது அதனால்தான். மனிதரை மறுப்பது வேறு, நாளை மறுப்பது வேறு. உங்களுக்குக் கிடைத்தது எது என்று பிரித்துப் பாருங்கள். “யாராக இருந்தாலும் இன்றைக்கு இல்லை” என்பது நாளை மறுப்பது.

திரும்பிய நாளை வீணாக்கவும் வேண்டாம். கொச்சிப் பக்கம் என்றால், சேந்தமங்கலம் ஆலயத்துக்குப் போங்கள். வெளியே நிற்கும் ‘இஸ்ரவேலின் மகள் சாரா’ கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. மட்டாஞ்சேரியில் வீடுகளுக்கு நடுவே நெகேமியா மோட்டாவின் வெள்ளைக் கல்லறை இருக்கிறது. 1615இல் இறந்த ஞானி. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் இடம். நம் ஊர் தர்கா வாசலில் நிற்பது போலவே இருக்கும்.

படி 7: உள்ளே விட்டபிறகு

சாவிக்காரர் முன்னால் போகட்டும், அவர் பின்னால் போங்கள். கல்லறை மேல் மிதிக்காதீர்கள், சாயாதீர்கள், கேமராப் பையை வைக்காதீர்கள். தின்பது, குடிப்பது, புகைப்பது கூடாது. பாசி படிந்த எழுத்தைப் படிக்கச் சுரண்டவோ சாக்பீஸ் தேய்க்கவோ வேண்டாம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் எழுத்தின் நிழல் விழும், தெளிவாகப் படிக்கலாம்.

சிலர் உங்களோடு வந்தும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். அவர்கள் கோஹனிம், அதாவது பழைய எருசலேம் ஆலயத்துப் பூசாரிகளின் வம்சம். நெருங்கிய குடும்பத்தார் தவிர வேறு யாருக்காகவும் இறந்தவர் இருக்கும் இடத்துக்குள் அவர்கள் வருவதில்லை. தீட்டு என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கற்களில் இரண்டு கைகள் விரல் விரித்து ஆசீர்வதிப்பது போல இருந்தால் அது கோஹன் ஒருவரின் கல்லறை. தண்ணீர்க் குடம் செதுக்கியிருந்தால் லேவியர், அதாவது அந்த ஆலயத்தில் பூசாரிகளுக்கு உதவியவர்களின் வம்சம். எபிரேயம் தெரியாவிட்டாலும் ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். எழுத்துக்கே எண் மதிப்பு உண்டு: தாவ் 400, ஷின் 300. ஆயிரத்தை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். கூட்டிவரும் எண்ணோடு 1240 சேருங்கள். தாவ், ஷின் என்று மட்டும் இருந்தால் 700; 1240ஐச் சேர்த்தால் 1940. யூத ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால் அதற்கும் ஆண்டு இறுதிக்கும் நடுவே இறந்தவர்களுக்கு ஒரு வருடம் குறைத்துக்கொள்ள வேண்டும். மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் காலமானார். யூதக் கணக்கில் அது 5779. 779ஐ எடுத்து 1240ஐக் கூட்டிப் பாருங்கள், 2019 சரியாக வரும்.

பூவுக்குப் பதில் ஒரு சின்னக் கல்லைக் கல்லறை மேல் வைப்பார்கள். வந்தேன், நினைத்தேன் என்பதற்கு அடையாளம். வெளியாளும் வைக்கலாம். தோட்டத்துக் கூழாங்கல் ஒன்று போதும், ஏற்கெனவே வைத்திருக்கும் கல்லை மட்டும் நகர்த்தாதீர்கள்.

கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே கை கழுவ வேண்டும். துடைக்காமல் தானாக உலரவிடுவது சிலர் வழக்கம். சுடுகாடு போய்வந்தால் வாசலிலேயே காலைக் கழுவி உள்ளே வருகிற நமக்கு இது புதிதல்ல. சில தோட்டங்களில் இதற்கென்றே குழாய் இருக்கும், சின்ன ஊர்களில் இருக்காது. பாட்டில் எடுத்துப் போகச் சொன்னது இதற்குத்தான்.

எடுத்த படங்களை ஊருக்குத் திரும்பிய வாரமே டிரஸ்டிக்கு அனுப்பிவிடுங்கள், எந்தக் கல் எங்கே என்ற குறிப்போடு. இஸ்ரேலில் இருக்கும் பேரப்பிள்ளைகள் பாட்டியின் கல் இன்னும் நிற்கிறதா என்று கேட்கும்போது காட்ட அவர்களிடம் ஏதாவது இருக்கும்.

ஒன்பது வாரம் கழித்து அந்தச் சிற்றூருக்கு நான் மறுபடி போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாவிக்காரர் எனக்கு முன்பே வந்து கேட்டைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பதினோரு கற்கள், முழங்கால் உயரப் புல். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, பாட்டிலிலிருந்து முதலில் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அவர் என் கைக்கு ஊற்றினார். பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.